கவிதையிலிருந்து காமிராவுக்கு: மாயா டெரனும் தனிமனிதக் குறும்படத்தின் தொடக்கமும்

கவிதை எழுத ஒரு தாளும் எழுதுகோலும் போதும். திரைப்படமோ பொருட்செலவாலும் பலருடைய உழைப்பாலும் உருவாவது. கவிஞன் தன் மனத்தில் எழுந்ததைத் தான் மட்டுமே அறிய எழுதிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையெனில் கிழித்தெறியலாம். திரைப்படக் கலைஞனுக்கு அந்தச் சலுகை கிடையாது. முதலீட்டாளர், படக்கூடம், விநியோகம், தணிக்கை எனப் பல வாயில்களைக் கடந்த பின்னரே அவனது அகம் திரையில் தோன்றும். அதற்குள் அது அவனுடைய அகமாக எஞ்சியிருக்குமா என்பது ஐயத்திற்குரியது. தனிமனிதன் ஒருவன் கவிதை எழுதுவதைப் போலத் திரைப்படம் எடுக்க இயலுமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலரைத் துளைத்து வந்தது. அதற்குத் தம் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்து விடை தேடியவர்களுள் முதன்மையானவர் மாயா டெரன்.

எலியனோரா டெரன்கோவ்ஸ்கி என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கீவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் மனநல மருத்துவர். 1922இல் குடும்பம் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் குடியேறியது. குடும்பப் பெயரும் டெரன் எனச் சுருங்கியது. ஜெனீவாவில் பள்ளிக் கல்வியும், பின்னர் சிரக்யூஸிலும் நியூயார்க்கிலும் கல்லூரிக் கல்வியும் பெற்ற அவர், 1939இல் ஸ்மித் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பிரெஞ்சுக் குறியீட்டியக் கவிஞர்கள் ஆங்கில, அமெரிக்கக் கவிதையின்மீது செலுத்திய தாக்கமே அவரது ஆய்வுப் பொருள். இச்செய்தி அவரது படங்களைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணை செய்வது. படக்கூடத்தில் பயின்று கலைக்கு வந்தவரல்லர் அவர், நூலகத்திலிருந்து வந்தவர்.

அக்காலத்தில் அவர் கவிதைகளும் எழுதினார். ஆனால் தம் கவிதைகளைப் பற்றி அவருக்கே உயர்ந்த கருத்து இல்லை. தம் மனத்தில் எழுபவை காட்சிகளாகவே எழுவதாகவும், அவற்றைச் சொற்களாக மாற்றும் முயற்சியிலேயே அவை வலுவிழந்து போவதாகவும் பிற்காலத்தில் அவர் விளக்கியிருக்கிறார். காமிரா கையில் கிடைத்தபோது அந்த மொழிபெயர்ப்பு வேலை தேவையற்றுப் போயிற்று. கவிஞராகத் தோற்றமையால் அவர் படமெடுக்க வந்தார் என்று இதற்குப் பொருள் கூறுவாரும் உளர். அது மேம்போக்கான கூற்று. கவிதை எங்கே பிறக்கிறது, சொல்லிலா, சொல்லுக்கு முந்திய காட்சியிலா என்பதைத் தம் அளவில் தெளிந்துகொண்டவர் அவர் என்று கொள்வதே பொருந்தும்.

1941, 1942ஆம் ஆண்டுகளில் கேத்தரின் டன்ஹம் என்னும் கறுப்பின நடனக் கலைஞரின் குழுவில் செயலாளராகப் பணியாற்றினார். டன்ஹம் ஹெய்தி நாட்டின் நடனங்களை ஆராய்ந்தவர். நடனமும் சடங்கும் டெரனின் சிந்தனையில் இடம்பெற்றது இத்தொடர்பால்தான். அக்குழுவுடன் லாஸ் ஏஞ்சலஸ் சென்றபோது செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்திருந்த திரைப்படக் கலைஞர் அலெக்சாண்டர் ஹம்மிதைச் சந்தித்து 1942இல் மணந்தார். மாயா என்னும் பெயரை அவருக்குத் தேர்ந்து தந்தவரும் ஹம்மிதே. நம் மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருள், தோற்றத்தையே கருவியாகக் கொண்ட ஒரு கலைஞருக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது!

1943இல் தந்தையார் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு டெரன் பழைய போலெக்ஸ் காமிரா ஒன்றை வாங்கினார். இக்கருவியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுதல் வேண்டும்; ஏனெனில் தனிமனிதக் குறும்படத்தின் இலக்கணத்தில் பாதி இக்கருவி வகுத்ததே. படக்கூடங்களில் பயன்பட்ட 35 எம்.எம். பிலிம் விலை மிகுந்தது. அதற்குரிய காமிராவைத் தூக்கவே ஆள் வேண்டும். 1923இல் கோடாக் நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கென 16 எம்.எம். பிலிமை அறிமுகப்படுத்தியது. சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் 1930களின் நடுப்பகுதியில் அதற்கேற்ற போலெக்ஸ் காமிராவை வெளியிட்டது. மின்சாரம் வேண்டாம், கடிகாரத்தைப் போலச் சாவி கொடுத்து இயக்கலாம். ஒருமுறை சாவி கொடுத்தால் அரை நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடும். நூறு அடிச் சுருள் ஒன்றில் மூன்று நிமிடத்திற்கும் குறைவான படமே அடங்கும். ஆக, நீண்ட காட்சி என்பது இயலாத ஒன்று. துண்டு துண்டாகவே எண்ண வேண்டும். ஒவ்வொரு துண்டும் எண்ணி எடுத்ததாக இருக்க வேண்டும். யாப்பின் கட்டுப்பாடு புலவனுக்குச் செய்ததை இச்சுருள்வில் படைப்பாளிக்குச் செய்தது எனலாம். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, ஒருமுறை எடுத்ததன் மீதே மறுமுறை எடுக்கும் வசதியும் அதில் இருந்தது.

அவ்வாண்டிலேயே டெரனும் ஹம்மிதும் ஹாலிவுட்டில் தாம் குடியிருந்த வீட்டிலேயே ஒரு படம் எடுத்தனர். 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' என்பது அதன் பெயர். பிற்பகலின் கண்ணிகள் எனத் தமிழில் கூறலாம். ஓடும் நேரம் பதினான்கு நிமிடம். செலவு ஏறத்தாழ 275 டாலர். நடித்தவர்கள் அவ்விருவரே, படக்குழு என்று தனியே யாரும் இல்லை. உலகின் மிகப் பெரிய படக்கூடங்கள் இயங்கிய அதே நகரில், அவற்றுள் எதன் கதவையும் தட்டாமல் எடுக்கப்பட்ட படம் அது. ஹாலிவுட் உதட்டுச் சாயத்திற்குச் செலவிடும் தொகையில் தாம் படங்களை எடுத்துவிடுவதாக அவர் பின்னாளில் நகையாடியதுண்டு.

படத்தில் கதை என்று ஏதும் இல்லை. ஒரு பெண் வீடு திரும்புகிறாள். சாவி கைநழுவிப் படிகளில் விழுகிறது. உள்ளே ரொட்டி, அதில் செருகிய கத்தி, எடுத்துவைக்கப்பட்ட தொலைபேசி, சுழலும் இசைத்தட்டு. அவள் நாற்காலியில் சாய்ந்து உறங்குகிறாள். கனவில் அதே பாதையில் மீண்டும் நடக்கிறாள். முகத்திற்குப் பதிலாகக் கண்ணாடி பதித்த கரிய உருவமொன்று பூவுடன் முன்னே செல்கிறது, எட்ட முடியவில்லை. ஒருத்தி இருவராகி, மூவராகி, ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களுள் ஒருத்தி கத்தியுடன் எழுந்து உறங்குபவளை நோக்கி நடக்கிறாள். முதலடி கடற்கரை மணலில், அடுத்த அடிகள் புல்லிலும் மண்ணிலும் கற்பாதையிலும், இறுதியடி அறையின் விரிப்பில். சில நொடிகளே நீளும் இந்த நடை உலகையே கடந்து வந்துவிடுகிறது. ஒரு பெண் தன்னைத் தானே கொல்லத் துணிவதற்கு முன் எவ்வளவு தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது என்பதை வசனமின்றி, முகபாவமின்றி, வெறும் காலடிகளால் உணர்த்தியது டெரனின் முதல் பெரு வெற்றி.

இப்படத்தை ஆக்கியவர் உண்மையில் யார் என்னும் வழக்கு இன்றளவும் தீரவில்லை. ஹம்மித் தேர்ந்த ஒளிப்பதிவாளர். 1930இலேயே பிராக் நகரில் 'இலக்கற்ற உலா' என்னும் பொருள்படும் பெயரில் அவர் எடுத்த குறும்படத்தில் ஒரு மனிதன் தன்னிலிருந்து தானே பிரிந்து நிற்கும் காட்சி உண்டு. இதைச் சுட்டி, பெருமை ஹம்மிதையே சேரும் என்று வாதிட்டோர் இருந்தனர். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து ஒன்றைப் படைத்தால் திறமை கணவனுடையது, உணர்ச்சி மனைவியுடையது என்று பங்கு பிரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கமே. ஒளியும் சட்டமும் காமிராவின் நடமாட்டமும் ஹம்மிதின் கைவண்ணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நான்கைந்து காலடிகளில் தோன்றிய எண்ணமே டெரனின் அடுத்த படங்கள் அனைத்தையும் ஈன்றது; அப்படங்களில் ஹம்மிதின் பங்கு படிப்படியாகக் குறைந்து மறைகிறது. வழக்கைத் தீர்க்க இதுவே போதுமான சான்று.

1944இல் எடுத்த 'அட் லேண்ட்' படத்தில் கடல் ஒரு பெண்ணைக் கரையில் ஒதுக்குகிறது. அலைகள் பின்னோக்கிச் செல்கின்றன. அவள் கட்டையொன்றைப் பற்றி ஏற, ஏறிய இடம் விருந்து நடைபெறும் நீண்ட மேசையாகிவிடுகிறது. உண்பவர் எவரும் அவளைக் காண்பதில்லை. 1945இல் டேலி பீட்டி என்னும் நடனக் கலைஞருடன் சேர்ந்து எடுத்த படம் மூன்று நிமிடமும் நீளாதது. காட்டில் உயர்த்திய காலை நடனக்காரர் ஓர் அறையில் ஊன்றுகிறார். இறுதியில் பல துண்டுகளை ஒட்டிய ஒரே பாய்ச்சல், மனித உடலால் இயலாத அளவு நீள்கிறது. மேடையில் ஆடுவதைப் பதிவு செய்தல் வேறு, காமிராவும் கூடி ஆடுதல் வேறு என்று அவர் நிறுவியது இங்கேதான். 1946இல் வந்த 'ரிச்சுவல் இன் டிரான்ஸ்ஃபிகர்டு டைம்' ஒரு விருந்துக் கூட்டத்தின் வெற்றுச் சிரிப்புகளையும் தழுவல்களையும் திரும்பத் திரும்பக் காட்டி நடனமாக்கியது. இதில் ஒளிப்பதிவு செய்தவர் ஹெல்லா ஹேமன் என்னும் தோழி. நண்பர்களே நடிகர், நண்பர்களே தொழில்நுட்பக் கலைஞர். எழுத்தாளர் அனைஸ் நின்னும் இசைக் கலைஞர் ஜான் கேஜும் இப்படங்களில் முகம் காட்டியவர்கள்.

இத்தகைய படங்களை எழுதுவது எங்ஙனம் என்பது பெரிய இடர்ப்பாடு. வழக்கமான திரைக்கதை உரையாடலையும் நிகழ்ச்சியையும் நம்பி நிற்பது. டெரனின் படங்களில் உரையாடலே இல்லை. தொடக்கத்தில் ஒலியும் இல்லை. ஆகவே அவர் ஷாட்டுகளின் நிரலையும் அசைவுகளின் வரைபடத்தையும் எழுதினார். முதற்படம் பெரிதும் எடுக்க எடுக்க உருவாயிற்று. பின்னைய படங்களில் ஓர் அசைவு எங்கே அறுபட்டு எங்கே தொடர வேண்டும் என்பது முன்னரே கணக்கிடப்பட்டது. கனவைப் படமாக்குகிறவர் மனம்போன போக்கில் எடுப்பார் என்னும் எண்ணத்திற்கு இது நேர்மாறானது. தம்மை மிகைநடப்பியல்வாதி என்று அழைப்பதை அவர் ஏற்கவில்லை. தம் படங்களில் உள்ள கத்திக்கும் சாவிக்கும் ஃபிராய்டிய முறையில் பொருள் கூறியோரிடம் கடுஞ்சினம் கொண்டார். ஒரு பொருள் அந்தப் படத்துக்குள் என்ன செய்கிறதோ அதுவே அதன் பொருள் என்பது அவரது உறுதி. மனநல மருத்துவரின் மகள் அவ்வாறு கூறியது சுவையான முரண்.

1946இல் வெளிவந்த அவரது 'கலை, வடிவம், திரைப்படம் பற்றிய எண்ணங்களின் அனகிராம்' என்னும் சிறுநூலின் அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. ஒன்பது பகுதிகளைக் கட்டங்களாக்கி, நெடுக்காகவும் குறுக்காகவும் எவ்வாறும் படிக்கும்படி அதை அமைத்தார். சித்திரகவியில் பழகிய தமிழ்ப் புலவர்க்கு இவ்விளையாட்டு புதிதன்று. ஆனால் அறிவியலும் இயற்கையும் மனிதப் படைப்பும் பற்றிய கடினமான வாதங்களை அவ்வாறு அடுக்கியது வாசகரை மலைக்கச் செய்தது. இன்றும் அது எளிதாகப் புரிகிற நூலன்று என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

எழுதுவதும் எடுப்பதும் ஒருபுறமிருக்க, எடுத்ததைக் காட்டுவது எங்கே? அமெரிக்கத் திரையரங்குகள் அன்று பெரும் நிறுவனங்களின் பிடியில் இருந்தன. பதினான்கு நிமிடப் படத்தை, அதுவும் 16 எம்.எம். படத்தை ஏற்கும் அரங்கு ஏது? டெரன் தாமே வழி கண்டார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் உள்ள பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்னும் சிறு நாடக அரங்கை வாடகைக்கு எடுத்து, மூன்று படங்களைத் திரையிட்டார். நிகழ்ச்சிக்கு அவர் இட்ட தலைப்பு 'கைவிடப்பட்ட மூன்று படங்கள்'. ஒரு படைப்பு நிறைவு பெறுவதில்லை, கைவிடப்படுகிறது என்னும் பிரெஞ்சுக் கவிஞர் வலேரியின் கருத்திலிருந்து எழுந்தது அப்பெயர். அரங்கு நிரம்பியது, காட்சிகளை மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று.

அதனால் ஊக்கம் பெற்றவர்களுள் ஒருவர் அமோஸ் வோகல். 1947இல் அவர் நிறுவிய 'சினிமா 16' என்னும் திரைப்படக் கழகம் 1963 வரை இயங்கி, ஏழாயிரம் உறுப்பினர் வரை பெற்றது. அது உறுப்பினர் கழகமானதற்கு ஒரு காரணம் உண்டு. ஹம்மிதும் டெரனும் தம் வீட்டுப் பூனைகளை வைத்து எடுத்த குறும்படமொன்றில் பூனை குட்டி ஈனும் காட்சி வருகிறது. அது ஆபாசமானது என்று நியூயார்க் மாநிலத் தணிக்கையினர் கருதினர். உறுப்பினர்க்கு மட்டும் காட்டினால் தணிக்கை தேவையில்லை! திரைப்படக் கழகங்கள் வளர்ந்த வரலாற்றில் அப்பூனைக்கும் பங்குண்டு.

டெரன் படச்சுருள்களைத் தாமே பொதிந்து அஞ்சலில் அனுப்பினார், துண்டறிக்கைகளை எழுதினார், பல்கலைக்கழகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சென்று படத்தைக் காட்டி உரையாற்றினார். வாடகையும் உரைக்கான சிறு தொகையுமே வருவாய். சொந்தப் பணத்தில் நூலச்சிட்டு, கட்டுக்கட்டாகச் சுமந்து சென்று விற்ற கவிஞர்களுக்கு இந்த உழைப்பை விளக்க வேண்டியதில்லை. 1946இல் அவருக்குக் குகன்ஹைம் நல்கை கிடைத்தது. திரைப்படப் படைப்புக்காக அந்நல்கை பெற்ற முதற்கலைஞர் அவரே. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் முதற்படத்திற்குப் பரிசும் கிடைத்தது. அதே 1947இல் ஹம்மிதுடனான மணவாழ்க்கை முறிந்தது.

நல்கைப் பணத்துடன் 1947இல் ஹெய்தி சென்றார். பாலித் தீவுச் சடங்கு, குழந்தைகளின் விளையாட்டு, ஹெய்தியின் வோடூ நடனம் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு படம் எடுப்பதே திட்டம். 1954 வரை பலமுறை சென்று, பல ஆயிரம் அடி பிலிம் எடுத்தார். படம் உருவாகவே இல்லை. பணமின்மை ஒரு காரணம். ஆயினும் ஆழ்ந்த காரணம் வேறு. அதுவரை அவர் தம் உடலையும் தம் நண்பர்களையும் தம் எண்ணத்திற்கேற்ப வெட்டி ஒட்டியவர். ஹெய்தியின் வழிபாடோ அவருடைய கற்பனையன்று, மக்களின் வாழ்வு. அதன் ஒழுங்கைக் கலைத்துத் தம் ஒழுங்கைப் புகுத்துவது நேர்மையாகாது என்று உணர்ந்தார். கலைஞராகச் சென்றவர் கண்டதைப் பணிவுடன் பதிவு செய்பவராக மாறினார். ஜோசப் கேம்பல் தந்த ஊக்கத்தால் 1953இல் 'டிவைன் ஹார்ஸ்மென்' என்னும் நூலாக எழுதினார். சொல்லை விட்டுக் காமிராவுக்கு வந்தவர் காமிரா கைகொடாத இடத்தில் சொல்லுக்கே திரும்பினார். தனிமனிதப் படைப்பு எதுவரை செல்லலாம் என்னும் எல்லையை அவர் கண்டுகொண்டது இத்தோல்வியில்தான். அவரது படங்களைவிட இந்த எடுக்கப்படாத படம் இன்று நமக்கு அதிகம் கற்பிக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

அதே 1953இல், அக்டோபர் 28ஆம் நாள், 'சினிமா 16' கழகம் கவிதையும் திரைப்படமும் என்னும் பொருளில் ஒரு கருத்தரங்கை நடத்தியது. வில்லார்டு மாஸ் தலைமையில் டெரன், நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர், வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ், விமர்சகர் பார்க்கர் டைலர் ஆகியோர் அமர்ந்தனர். டெரன் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். நாடகம் கிடைமட்டமாக நகர்வது; ஒரு நிகழ்ச்சி அடுத்ததற்கு இட்டுச் செல்லும். கவிதை செங்குத்தாக இறங்குவது. ஒரே கணத்தில் நின்று அதன் ஆழத்தையும் உணர்வையும் துருவும். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் செயல் நின்று தனிமொழி எழும் இடங்களில் இவ்விரண்டும் சந்திக்கின்றன என்பது அவர் காட்டிய சான்று. குறும்படம் இந்தச் செங்குத்து நெறிக்கே உரியது என்பது அதன் தொடர்ச்சி.

தாமஸ் இதைக் கேலி செய்தார், அவை சிரித்தது. மேலும் கீழுமாகக் கவிதையை அளப்பது அவருக்கு வேடிக்கையாகப் பட்டது. மில்லர் இப்பாகுபாட்டில் பொருளில்லை என்று வெளிப்படையாகவே மறுத்தார். மேடையில் ஒரே பெண். நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற ஒரு பெருங்கவிஞர். அவர் பக்கம் அவை. டெரன் தளராமல் மீண்டும் மீண்டும் விளக்க முயன்றதை அன்றைய உரையாடலின் பதிவு காட்டுகிறது. சில நாட்களில், நவம்பர் 9ஆம் நாள், தாமஸ் நியூயார்க்கிலேயே மறைந்தார். சிரிப்பு மறக்கப்பட்டது, கோட்பாடு நிலைத்தது. ஒரு தலைவியின் ஒரு கணத்துக் கூற்றில், முன்கதையும் பின்கதையும் சொல்லாமல், நிலத்தையும் பொழுதையும் கருப்பொருளையும் உள்ளடக்கும் அகப்பாடலை அறிந்தவர் எவரும் அன்று அந்த அவையில் சிரித்திருக்க மாட்டார்.

கடைசி ஆண்டுகள் கடினமானவை. 1952இல் தொடங்கிய 'தி வெரி ஐ ஆஃப் நைட்' 1950களின் இறுதியில்தான் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. எதிர்ப்படிவ முறையில், விண்மீன்களிடையே வெண்ணிற நடனக்காரர்கள் மிதக்கும் அப்படம் முந்தையவற்றின் இறுக்கத்தைப் பெறவில்லை. தம்மைப் போன்றோர்க்கு உதவ ஓர் அறக்கட்டளை அமைத்தார். அதற்கும் பணம் திரட்ட முடியவில்லை. 1959இல் எழுதிய ஒரு கட்டுரையில் அமெச்சூர் என்னும் சொல்லின் இலத்தீன் வேர் அன்பு செலுத்துபவரைக் குறிப்பதை நினைவூட்டி, கூலியும் கெடுவும் அற்ற அவரே உண்மையில் விடுதலை பெற்றவர் என்று வாதிட்டார். எழுதியவர் வாடகைக்கே திண்டாடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தல் நலம். 1961 அக்டோபர் 13ஆம் நாள் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

பாராட்டுகள் பின்னர் வந்தன. 1986இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் தனித்து இயங்கும் படைப்பாளிகளுக்காக அவர் பெயரில் பரிசு ஏற்படுத்தியது. 1990இல் முதற்படம் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அந்த 275 டாலர்ப் படம் உலகப் படங்களுள் 16ஆம் இடம் பெற்றது. இன்று அதைக் காண்போர் கேட்கும் இசை 1959இல் சேர்க்கப்பட்டது. டெரனின் இறுதிக்காலத் துணைவர் தெய்ஜி இட்டோ அமைத்தது. 1946இல் பார்த்தவர்கள் படத்தை ஒலியின்றியே கண்டனர்.

ஹெய்திச் சுருள்கள் டெரனின் மறைவுக்குப் பின்னும் பல ஆண்டுகள் கிடந்தன. இட்டோவும் அவர்தம் மனைவி செரலும் அவற்றைத் தொகுக்கத் தொடங்கினர். இட்டோ 1982இல் ஹெய்தியிலேயே காலமானார். 1980களின் நடுப்பகுதியில் அத்தொகுப்பு டெரனின் நூற்பெயரிலேயே வெளிவந்தது. அவரது நூலின் பகுதிகள் பின்னணி உரையாக வாசிக்கப்படுகின்றன. டெரன் எடுத்த காட்சிகள் அவை. அவற்றை வெட்டி அடுக்கிய கைகள் வேறு.